முடிக்காதவர்களுக்குத் தருவதில்லை

பூதப்பாண்டி
06.05.2024

செல்வி டெல்சி அவர்களுக்கு,

சிவப்ரியாவின் தகப்பனார் ஆறுமுகப்பெருமாள் எழுதுவது. நீங்கள் கொச்சியிலிருந்து அனுப்பிய அவள் பெட்டி வந்து சேர்ந்தது. அதன்மேல் இருந்த முகவரிக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் போன் நம்பரும் அதில் இருந்தது. இரண்டொரு தடவை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தில் என்றால் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுவேன். பேச்சில் இப்போதெல்லாம் பாதியில் நின்றுபோகிறது.

பெட்டியைத் திறந்து துணிகளைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி பகவதியம்மாள், "பெத்தவ மடிச்ச மாதிரில்லா மடிச்சி வச்சிருக்கா" என்றாள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள்தான். உங்கள் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நன்றி சொல்ல அன்று தோன்றவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

எழுதும் காரணம் இதுதான். ஜனவரியில் ப்ரியா உங்கள் ஸ்டூடியோவில் பயிற்சிக்குச் சேரும்போது, மூன்று மாதம் முடிந்ததும் சான்றிதழ் தருவார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பட்டப்பகலில், சாலையைக் கடக்கையில் பஸ் மோதிவிட்டது. அந்தச் சான்றிதழை எங்களுக்கு அனுப்பித்தர வேண்டும் என்று என் தம்பி மகன் ஸ்ரீனிவாசன் மூலம் ஸ்டூடியோவுக்கு இரண்டு மெயில் அனுப்பினோம். பதில் இல்லை. காரியத்துக்கும் அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, தூரம் அதிகம்.

செத்துப்போனவளுக்குச் சான்றிதழ் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஸ்ரீனிவாசனும் அதைத்தான் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சம்பாதித்தது, வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

நீங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
சு. ஆறுமுகப்பெருமாள்


கொச்சி
15 மே 2024

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. தப்பிருந்தால் மன்னியுங்கள்.

ஷாஜன் சாரிடம் கேட்டேன். அவர்தான் இந்த டிசைன் ஸ்டூடியோவை நடத்துகிறவர். பயிற்சியை முழுதாக முடித்தவர்களுக்குத்தான் சான்றிதழ், முடிக்காதவர்களுக்குத் தருவதில்லை, அது எல்லாருக்கும் உள்ள விதி என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

நான் முட்டத்துக்காரி. ப்ரியாவும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே அறையில் தங்கினோம். நான் பேசுவதைக் கேட்டு முதல் நாளே, "நம்ம ஊரு பாட்டுல்லாட்டி இது" என்று வந்து ஒட்டிக்கொண்டாள். இங்கே பாதி வேலை மலையாளத்தில். பேசினால் இருவருக்கும் புரியும், எழுத்து தெரியாது. அவள் பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். பிப்ரவரியில், இந்த ஊர்க்காரர்கள் போட்ட நோட்டீஸிலேயே பிழை கண்டுபிடித்துச் சொன்னாள். தக்கலையில் ஃப்ளெக்ஸ் கடையில் முதல் பயிற்சி செய்தபோது பழகியதாம். கண்ணீர் அஞ்சலி போர்டில் இறந்தவர் பேரைத் தப்பாக அடித்துவிட்டு அந்த வீட்டார் அழுததைப் பார்த்தாளாம். அதற்கப்புறம் எதையும் மூன்று தடவை வாசிக்காமல் அச்சுக்கு விடமாட்டாள்.

நான் இப்போது இங்கே ஜூனியர் டிசைனராகச் சேர்ந்திருக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

டெல்சி


பூதப்பாண்டி
27.05.2024

செல்வி டெல்சி அவர்களுக்கு,

"முடிக்காதவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகள் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தவள் அல்ல. இதை உங்கள் முதலாளியிடம் நீங்கள் சொன்னீர்களா, அல்லது அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கு எழுதினீர்களா?

அவள் படிப்பு எனக்குப் பிடிக்காது. அதை அவளிடம் மறைத்ததும் இல்லை. காலேஜ் முடித்துத் தக்கலையில் ஃப்ளெக்ஸ் கடை. அது முடிந்து நாகர்கோவிலில் விளம்பரக் கம்பெனி. இரண்டும் பயிற்சி. மூன்றாவதாகக் கொச்சி என்றதும் நான் சத்தம் போட்டேன்.

"ஏட்டி, மூணாவது தடவையும் ஓசிக்கு ஒழைக்கவா போறே? ஒனக்கு எவன்ட்டி வேலை தருவான்?"

"இப்பிடித்தாம்பா இதுல ஏறி வர முடியும். நாம செஞ்சத எடுத்துக் காட்டுனாத்தான் அடுத்தவன் உள்ள விடுவான்."

"சங்கத்துல ஆளு எடுக்குதான். நான் சொன்னா நடக்கும்."

"எனக்கு வேண்டாம்பா. நீங்க பாத்த வேலை எனக்கு வேண்டாம்."

கடைசியில் சொன்னது என்னைச் சுட்டுவிட்டது. அவள் ரயில் ஏறிய அன்று நான் வயலுக்குப் போய்விட்டேன். அதன்பின் அவள் போன் செய்தால் பகவதிதான் பேசுவாள், நான் பக்கத்தில் பேப்பர் வாசிப்பேன். காதெல்லாம் போனில்தான் இருக்கும். ஒருநாள், "இங்க ஒரே ஒரு எடம் இருக்கும்மா, எனக்கோ டெல்சிக்கோ" என்று சொன்னது கேட்டது.

அந்த ஒரு இடத்தில்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நன்றாக இருங்கள். வேறு அர்த்தத்தில் எழுதவில்லை. வேறு அர்த்தம் வந்தால் அதுவும் சரிதான்.

இன்னொன்று. போலீஸ் காகிதத்தில் "சொந்த வேலையாக வெளியே சென்றபோது" என்று எழுதியிருக்கிறது. வேலை நாளில், நடுப்பகலில், அறைக்கும் ஸ்டூடியோவுக்கும் சம்பந்தமில்லாத சாலையில் அவளுக்கு என்ன சொந்த வேலை? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சு. ஆறுமுகப்பெருமாள்


கொச்சி
9 ஜூன் 2024

ப்ரியா அப்பாவுக்கு,

ஐயா என்று எழுதினால் கை ஓடமாட்டேன் என்கிறது. அறையில் உங்களை நாங்கள் ப்ரியா அப்பா என்றுதான் சொல்லுவோம்.

நீங்கள் எழுதியது சரிதான். அந்த இடத்தில்தான் இருக்கிறேன். அவள் இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது. இது எனக்கும் தெரியும், இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அவள் செய்ததில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அரிசிக் கம்பெனிக்குப் புதுப் பாக்கெட் செய்ய வேண்டும் என்று வந்தது. எல்லாரும் பச்சை வயல், சூரியன், மலை என்று நெட்டில் கிடைக்கிற படங்களைப் போட்டுக் காட்டினோம். ப்ரியா மட்டும், "முத்துன கதிரு இப்பிடி வெறச்சிக்கிட்டு நிக்காது சார், தலை சாஞ்சிரும்" என்றாள். ஷாஜன் சார், "எந்நா நீ வரச்சு காணிக்கூ" என்றார். வரைந்தே காட்டச் சொல்லிவிட்டார். நினைவிலிருந்து வரைய அவளுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போன் செய்து, வயலில் ஒரு கதிரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அம்மாவுக்கு ஒரு கையில் கதிரையும் ஒரு கையில் போனையும் பிடிக்கத் தெரியவில்லை. நீங்கள் கதிரைப் பிடித்துக்கொடுத்திருக்கிறீர்கள். எதற்கென்று அம்மா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். படத்தில் உங்கள் கை இருந்தது. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"அப்பா கையில்லா இது. நகத்துல என்னத்தையோ போட்டுக்கிட்டாவ போலுக்கு" என்றாள். அப்புறம் கம்ப்யூட்டரில் கையை நீக்கிவிட்டுக் கதிரை மட்டும் தனியாக எடுத்தாள். ஒவ்வொரு நெல்மணியின் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரு மத்தியானம் முழுதும் அதே வேலை. அதைப் பார்த்து வரைந்ததுதான் இப்போது அந்தப் பாக்கெட்டில் இருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரர் பார்த்துவிட்டு, "இது நெல்லு" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

கை இருக்கிற படத்தை அவள் அழிக்கவில்லை. உங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும் என்பதால் இதைச் சொல்கிறேன். பாக்கெட்டுகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அன்று அவள் எதற்கு வெளியே போனாள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையாகத்தான் போயிருப்பாள் என்று நினைக்கிறேன். அதற்குமேல் என்னால் இப்போது எழுத முடியவில்லை.

டெல்சி


பூதப்பாண்டி
01.07.2024

டெல்சிக்கு,

பாக்கெட்டுகளைப் பார்த்தேன். பகவதி ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அன்றே கொச்சிக்கு டிக்கெட் எடுத்தேன். இவ்வளவு செய்தவளுக்கு ஒரு காகிதம் தர மாட்டோம் என்று சொல்கிறவனை நேரில் பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை வந்தேன். நான் வந்தது உனக்குத் தெரியும்.

சுவரில் அந்த அரிசிப் பாக்கெட்டைப் பெரிய படமாக மாட்டியிருக்கிறார்கள். கீழே செய்தவர்கள் பேர் இருந்தது. அவள் பேர் இல்லை. உன் பேர் இருந்தது. கண்ணாடி சரியில்லையோ என்று துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன்.

ஷாஜன் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "சாரே, விஷமம் உண்டு. பக்ஷே ஆ குட்டி இவிடத்தெ ஸ்டாஃப் அல்ல" என்றார். வருத்தம் உண்டாம், ஆனால் அந்தப் பெண் அவர்கள் ஸ்டாஃப் இல்லையாம். ஸ்டாஃப் இல்லை என்றால் யார் என்று கேட்டேன். கற்றுக்கொள்ள வந்தவள் என்றார். அப்படியானால் கற்றுக்கொண்டாள் என்றாவது எழுதிக்கொடுங்கள் என்றேன். வக்கீலிடம் கேட்க வேண்டும் என்றார். கற்றுக்கொண்டதற்கு வக்கீல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். மஞ்சள் சுரிதார். என்னைப் பார்த்தாய். நான் கையைத் தூக்கினேன், இந்தப் பெண்ணைக் கேளுங்கள் என்று சொல்லப்போனேன். நீ தலையைக் குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாய்.

தண்ணீரைக் குடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் பகவதி, "டெல்சியப் பாத்தியளா?" என்று கேட்டாள். "லீவாம்" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு உன்னைப் பற்றி இருக்கிற நல்ல எண்ணத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி எழுத வேண்டாம்.

ஆறுமுகப்பெருமாள்


கொச்சி
5 ஜூலை 2024

ப்ரியா அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

அவள் சொந்த வேலையாகப் போகவில்லை. அரிசிப் பாக்கெட்டின் மாதிரி அச்சு வந்தபோது கதிரின் நிறம் சரியாக விழவில்லை. பழுத்த நெல் மாதிரி இல்லாமல் பச்சையடித்தது. ஷாஜன் சார் எங்கள் குரூப்பில், "ப்ரியா, பிரஸ்ஸுக்குப் போய் நின்று நிறத்தைச் சரி பண்ணிவிட்டு வா" என்று செய்தி போட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றேன். "மெஷின் ஓடிட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாதுட்டி, வந்து சாப்பிடுதேன்" என்று இறங்கி ஓடினாள். பிரஸ்ஸுக்கு எதிரே சாலையைக் கடக்கும்போதுதான் நடந்தது.

அன்று சாயங்காலமே அந்தச் செய்தியை சார் அழித்துவிட்டார். நான் படம் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. வைக்கத் தோன்றவில்லை, அப்போது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மறுநாள் எங்களை எல்லாம் கூப்பிட்டு, போலீஸ் கேட்டால் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போனாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். சாப்பாட்டு நேரம்தான், பொய் இல்லையே என்று நானும் சொன்னேன். சான்றிதழ் கொடுத்தால் அவள் இங்கே வேலையில் இருந்தாள் என்று ஆகிவிடும், எந்தக் காகிதமும் கொடுக்காதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். விதி கிதி எதுவும் கிடையாது. எனக்கு முன்பு ஒரு பையன் பாதியில் போனபோது அவனுக்கு ஒரு மாதத்துக்கு என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று உங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்பா இரண்டு வருஷமாகக் கடலுக்குப் போகவில்லை, முதுகு போய்விட்டது. தம்பி ஜெரிஷ் படிக்கிறான். இந்த வேலை போனால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் நீங்கள் படி இறங்கிவிட்டீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குடையை விரிக்காமல் மழையில் போனீர்கள்.

சுவரில் அவள் பேர் இல்லாதது பற்றி என்னிடம் காரணம் எதுவும் இல்லை. என் பேரைப் போட்டபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டெல்சி


முட்டம்
20 ஆகஸ்ட் 2024

ப்ரியா அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை.

நான் ஊருக்கு வந்துவிட்டேன். போன மாதம் ஒரு கூட்டத்தில், எல்லாரும் இருக்கும்போது, அந்தப் படத்தில் ப்ரியா பேரைப் போட வேண்டும், அவளுக்குச் சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அறைக்கு வந்து பேசு என்றார் ஷாஜன் சார். இங்கேயே சொல்லுங்கள் சார் என்றேன். அந்த வாரமே என் வேலை போனது. வேலையில் திருப்தி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் சான்றிதழ் தரவில்லை. இப்போது எங்கள் இருவரிடமும் காகிதம் இல்லை. புது இடங்களில் நேர்முகத்துக்குப் போனால், இந்த ஏழு மாதம் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். கொச்சிக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு அப்படியே பேசாமல் விட்டுவிடுகிறார்கள். தக்கலையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கல்யாணம், காது குத்து, அஞ்சலி.

உங்கள் தெருமுனையில் ப்ரியாவுக்கு வைத்த போர்டைப் பார்த்தேன். ஒருநாள் பூதப்பாண்டிக்கு வந்தேன், வீடு வரை வர தைரியம் இல்லை. அவள் படத்தைச் சுற்றி ஊதா ரோஜா. இதைப் பார்த்திருந்தால், "யாருட்டி இந்த ரோஜாவ வச்சான்?" என்று கேட்டிருப்பாள். பஸ் ஏறும் வரை அதையே நினைத்துச் சிரித்தேன். பஸ்ஸில் அழுதேன்.

இத்துடன் வைத்திருப்பதற்கு மதிப்பு எதுவும் கிடையாது. முத்திரை இல்லை. ஆனால் அவள் வேலையை என்னைவிடப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை.

*சான்று*

*பூதப்பாண்டி ஆறுமுகப்பெருமாள் மகள் சிவப்ரியா, 2024 ஜனவரி முதல் மார்ச் வரை கொச்சியில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் வேலை செய்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த முட்டம் டெல்சி ஆகிய நான் இதைச் சொல்கிறேன்.*

*மருந்துக்கடை ஒன்றுக்கு, வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி மாத்திரை உறை செய்தார். பள்ளிக்கூடம் ஒன்றின் சின்னத்தை ஐம்பது விதமாக வரைந்து, கடைசியில் முதலாவதே நல்லது என்று ஒப்புக்கொண்டார். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தைச் சரிசெய்யத் தெரிந்தவர். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லுவார், அடுத்தவர் மனம் நோகாமல் சொல்லத் தெரியாது. அரிசிப் பாக்கெட் அவர் செய்தது. அதை நான் செய்யவில்லை.*

*கடைசி நாளில் அவர் வேலைக்காகத்தான் வெளியே போனார்.*

*அவர் முடித்தார்.*

டெல்சி


பூதப்பாண்டி
12.09.2024

டெல்சிக்கு,

நீ அனுப்பியதைப் பகவதி வாங்கிப் பிரித்துவிட்டாள். சத்தமாக வாசித்தாள். "அடுத்தவர் மனம் நோகாமல் சொல்லத் தெரியாது" என்ற இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பன மாதிரி" என்றாள். ப்ரியா போனபின் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான். கடைசி வரிக்கு வரும்போது அவளால் வாசிக்க முடியவில்லை. நான் வாங்கி வாசித்தேன்.

அப்போதுதான் நீ ஜூலையில் எழுதியது, ஸ்டூடியோவில் உன்னைப் பார்த்துவிட்டு நான் லீவு என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "அந்தப் புள்ளையும் ஒரு வீட்டுப் புள்ளதான" என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத எனக்கு வரவில்லை. இருக்கிறது. முன்பு மாதிரி இல்லை.

எறணாகுளத்தில் லேபர் ஆபீஸில் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். ஸ்ரீனிவாசன் எழுதினான். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. "சொந்த வேலையாக" என்பதை எடுத்துவிட்டு "வேலையில் இருக்கும்போது" என்று ஆக வேண்டும். மனுவில் இறந்தவர் தொழில் என்ற இடத்தில் அவன் "மாணவி" என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு "டிசைனர்" என்று எழுதச் சொன்னேன். அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாட்சி என்று சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை. அவர்கள் பக்கம் வக்கீல் வருவார். உன் எதிர்கால வேலைக்கு இது இன்னும் கெடுதல் செய்யலாம். வர முடியாது என்றால் வருத்தப்பட மாட்டேன். டிசம்பரில் இருக்கும் என்கிறான்.

ஆறுமுகப்பெருமாள்


முட்டம்
18 செப்டம்பர் 2024

ப்ரியா அப்பாவுக்கு,

வருகிறேன்.

டெல்சி


பூதப்பாண்டி
21.01.2025

மக்களே டெல்சி,

முடிவு வந்துவிட்டது. ஸ்ரீனிவாசன் போனில் வாசித்துச் சொன்னான். பயிற்சியில் இருந்தார் என்பதற்கோ, ஸ்டூடியோ சொல்லித்தான் வெளியே போனார் என்பதற்கோ எழுத்து மூலமான ஆவணம் எதுவும் இல்லை, ஒரு சாட்சியின் வாய்மொழி மட்டும் போதாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. பகவதிக்கு நாற்காலி போடச் சொன்னவர் அவர்தான். கையில் காகிதம் இல்லாதவர்களுக்கு அவரால் என்ன செய்ய முடியும். நானும் முப்பது வருஷம் காகிதம் கேட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பியவன்தான்.

மேல்மனு போடலாம் பெரியப்பா என்கிறான். பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். உன்னை இன்னொரு தடவை அங்கே நிறுத்த எனக்கு மனம் இல்லை. அந்த வக்கீல், "வேலையை விட்டு அனுப்பிய கோபத்தில்தானே இதைச் சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டபோது நீ, "ஆமா, கோவத்துலதான் சொல்லுதேன். அதுனால பொய் ஆயிருமா?" என்றாய். ஷாஜன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாய்.

நீ பேசியது எங்களுக்கு எவ்வளவு பெரிது என்று, விசாரணை முடிந்து திரும்பிய அன்றே ரயிலில் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை வரவில்லை. வர்க்கலை தாண்டுவதற்குள் நீ தூங்கியும்விட்டாய்.

நீ தூங்கினது உனக்குத் தெரியும். மற்றது தெரியாது, அதனால் எழுதுகிறேன். உன் தலை சாய்ந்து பகவதி தோளில் விழுந்தது. அவளுக்கு அந்தத் தோளில்தான் வலி, எண்ணெய் போட்டும் போகாத வலி. நான் எழுப்பப் போனேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். முந்தானையால் உன்மேல் காற்று படாமல் மூடினாள். திருவனந்தபுரத்தில் கூட்டம் ஏறியது. ஒரு பெண் வந்து, "மகளா?" என்று கேட்டாள். பகவதி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்தாள்.

குழித்துறை வந்தது. அடுத்தது இரணியல், நீ இறங்க வேண்டிய இடம். "எழுப்புட்டி, அந்தப் புள்ளைக்கு எறங்கணும்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் ஒறங்கட்டும்" என்றாள்.

"ஸ்டேஷன் வருது."

"வரட்டும்."

வண்டி மெதுவாகியது. ஆட்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். பகவதி உன்னை எழுப்பவில்லை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, அசையாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் உன் தோளைத் தொட்டேன். நீ பதறி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, "வாறேம்மா, வாறேன்" என்று ஓடி இறங்கினாய்.

வண்டி கிளம்பிய பின்னும் அவள் அந்தத் தோளை அசைக்கவில்லை. நாகர்கோவில் வரும் வரை அப்படியே இருந்தாள்.

ஆறுமுகப்பெருமாள்